கேள்வி நேரம்: லெவல் தயார், கதையை எங்கே வைப்பது?

கோடோ 4 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் தனியாளாக ஒரு 2டி பிளாட்பார்மர் (ஓடித் தாவும்) கேம் செய்திருக்கிறேன். 12 லெவலும் தயார். விளையாடிப் பார்த்தவர்கள், “நல்லாத்தான் இருக்கு, ஆனா எதுக்கு ஓடுறோம்னே தெரியலை” என்கிறார்கள். லெவல்களைக் கலைக்காமல் கதை சேர்க்க முடியுமா?
– வாசகர், மதுரை

தாராளமாக. ஆனால் ராஜா காலத்து முன்கதையை முதல் திரையிலேயே ஐந்து பக்கம் ஓடவிடாதீர்கள். ஸ்கிப் பட்டன் தேய்வதுதான் மிச்சம். நாயகன் இப்போதே சாவி எடுக்கிறான், கதவு திறக்கிறான். அந்த வேலைக்கு ஒரு காரணம் கொடுத்தால் போதும். லூகாஸ் போப் உருவாக்கிய ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ (2013) கேமில் நாம் செய்வது எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்க்கும் வேலை. வாங்கும் சம்பளம் வாடகை, சாப்பாடு, மருந்து எல்லாவற்றுக்கும் பற்றாமல் போகிற இடத்தில் கதை பிடித்துக்கொள்கிறது.

முதலில் கதை வசனங்களை இரண்டு லெவலில் மட்டும் வைத்துப் பாருங்கள். வசனம் வர வேண்டிய இடத்தில் ஓர் ஏரியா2டி (யாராவது நுழைகிறார்களா என்று கவனிக்கும் பகுதி) வைத்து, நுழைந்ததும் அது அனுப்பும் ‘பாடி என்டர்டு’ சிக்னலை உங்கள் ஸ்கிரிப்டில் இணையுங்கள். உள்ளே வந்தது நாயகன்தானா என்று சோதிப்பது முக்கியம். உங்கள் கதையில் வசனம் பேசுவது ஒரு பாட்டி என்றால், சோதிக்காவிட்டால் எதிரி நுழைந்தாலும் அவள் பேச ஆரம்பித்துவிடுவாள்.

வசனம் ஓடும்போது கேமை பாஸ் செய்தால் (தற்காலிகமாக நிறுத்தினால்) வசனப் பெட்டியும் சேர்ந்து உறையும். கேம் ஹேங் ஆகிவிட்டது என்று பலர் குழம்புவது இங்கேதான். பெட்டியின் புராசஸ் மோடை (எப்போது இயங்க வேண்டும் என்ற அமைப்பை) ‘ஆல்வேஸ்’ ஆக்குங்கள். குதிக்கும் பட்டனே வசனத்தைத் தள்ளும் பட்டனாகவும் இருந்தால், ஆட்டக்காரர் குதித்துக்கொண்டே வந்து முதல் வரியைப் படிக்காமலே தள்ளிவிடுவார். பெட்டி திறந்து 0.3 வினாடி வரை பட்டனை ஏற்காதீர்கள்.

‘இந்த வசனம் வந்துவிட்டது’ என்ற குறிப்பை அந்த ஏரியாவிலேயே வைத்தால், நாயகன் செத்து லெவல் மறுபடி லோட் ஆகும்போது அழிந்துவிடும். ஒவ்வொரு சாவுக்கும் அதே வசனம். லெவல் மறுபடி லோட் ஆனாலும் அழியாத ஆட்டோலோட் ஸ்கிரிப்டில் ஒரு டிக்‌ஷனரி (பெயரும் மதிப்பும் கொண்ட பட்டியல்) வைத்து அதில் குறியுங்கள், சேவ் ஃபைலிலும் எழுதுங்கள். ‘கதை நிலை 7’ என்று எண் போடாமல் ‘பாட்டியைப் பார்த்தாச்சு’ என்று பெயராகவே வையுங்கள். பின்னால் நடுவில் ஒரு காட்சியைச் செருகினால் எண்கள் நகரும், பழைய சேவ் எல்லாம் குழம்பும்.

வசனம் எழுத்தெழுத்தாக வரும்போது ‘கொ’ முதலில் ‘க’வாக வந்து, பிறகு மாறுகிறது. வரியே ஆடுகிறது. ஃபான்ட் கோளாறா?
– வாசகி, கோவை

ஃபான்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். யூனிகோடில் ‘கொ’ என்பது க, அதன் பின் ஒகரக் குறி என இரண்டு குறியீடுகள். கோடோ 4 இவற்றைச் சேர்த்துத் தமிழ் எழுத்தாகச் சரியாகவே கோக்கும் (இதுதான் ஷேப்பிங்). ஆனால் வசனத்தைக் காட்டும் ரிச்டெக்ஸ்ட்லேபிளில் ‘விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர்’ இயல்பாக ‘பிஃபோர் ஷேப்பிங்’கில் இருப்பதால், எழுத்தைக் கோக்கும் முன்பே வெட்டுகிறது. ‘ஆஃப்டர் ஷேப்பிங்’ என்று மாற்றுங்கள். வரியின் கடைசிச் சொல் பாதி தெரிந்த பிறகு கீழே தாவுவதும் அதோடு நின்றுவிடும்.