கர்ப்பப்பையில் கட்டி, கர்ப்பப்பையில் தையல்: டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு 9 வாரம். ஸ்கேன்ல கர்ப்பப்பையில 4 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டின்னு வந்திருக்கு. குழந்தைக்கு ஆபத்தா? தூக்கமே வரல.

பதில்: நிம்மதியா தூங்குங்கம்மா. பெரும்பாலான கட்டிகள் ஒரு தொந்தரவும் தராம பிரசவம் வரைக்கும் கூடவே இருக்கும். அளவைவிட இடம்தான் முக்கியம். வெளிப்பக்கம் வளர்ந்தது பொதுவா சாது. உட்குழிக்குள்ள நீட்டிக்கிட்டிருந்தா கருச்சிதைவு வாய்ப்பு கூடும். கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்துல பெரிசா இருந்தா குழந்தை இறங்குற வழியை மறிக்கலாம். நச்சுக்கொடி கட்டிக்கு மேல ஒட்டியிருக்கான்னும் அடுத்த ஸ்கேன்ல கேளுங்க.

கேள்வி: 18 வாரம். கட்டி இருக்குற இடத்துல திடீர்னு கடுமையான வலி, லேசா காய்ச்சல்.

பதில்: ரத்த ஓட்டம் பத்தாம கட்டி உள்ளுக்குள்ளயே சிதையும்போது இப்படி வரும். தொட்டா அந்த ஒரு இடம் மட்டும் சுள்ளுனு வலிக்கும். ஓய்வு, பாராசிட்டமால்லயே பெரும்பாலும் அடங்கிடும். ஆனா குடல்வால் அழற்சியும் நச்சுக்கொடி பிரியறதும் இதே வலியோட வரலாம். இன்னைக்கே நேர்ல காட்டுங்க. ஐபுப்ரோஃபென் நீங்களா போடாதீங்க. 20 வாரத்துக்கு மேல அது குழந்தையோட சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

கேள்வி: கட்டியைக் கரைக்க கர்ப்பத்துல மருந்து உண்டா?

பதில்: கிடையாது. யார் கொடுத்தாலும் சாப்பிடாதீங்க.

கேள்வி: லேப்ராஸ்கோபில கட்டி எடுத்தாச்சு. 3 சின்ன ஓட்டைதான். சுகப்பிரசவம்தானே?

பதில்: ஓட்டை வயித்துத் தோல்ல. கர்ப்பப்பையை எவ்வளவு ஆழம் வெட்டினாங்கன்னு தோல் சொல்லாது. ஆபரேஷன் நோட்ஸ், அதாவது எங்க, எவ்வளவு வெட்டினாங்கன்னு ஆபரேஷன் பண்ண டாக்டர் எழுதின குறிப்பு, வாங்கிட்டு வாங்க. டிஸ்சார்ஜ் சம்மரி போதாது.

கேள்வி: எங்க அக்காவுக்கும் இதே ஆபரேஷன், சுகப்பிரசவம்தான் ஆச்சு. ஒரு சிசேரியன் ஆனவங்களுக்கே வலி வர விடறாங்க. நீங்க ஏன் பயமுறுத்தறீங்க?

பதில்: அக்காவுக்கு நல்லபடியா ஆனதுல எனக்கும் சந்தோஷம். அவங்க கட்டி வெளிப்பக்கம் காம்போட தொங்கியிருந்தா நானும் சுகப்பிரசவத்துக்கு விட்டிருப்பேன். ஆனா ரெண்டு தையலும் ஒண்ணு இல்ல. சிசேரியன்ல வழக்கமா வெட்டறது கீழ்ப்பகுதியில, குறுக்கா. அங்க தசை மெலிசு, வலியின்போது அதிகம் இறுகாது. அப்படியிருந்தும் சுமார் 200 பேர்ல ஒருத்தருக்குப் பிரசவ வலியில தையல் பிரியுது. ஃபைப்ராய்டு எடுக்கும்போது வெட்டு விழறது பெரும்பாலும் மேல்பகுதியில, தடிச்ச தசையில. வலியில முழு பலத்தோட இறுகறது அந்தப் பகுதிதான். வலி வர்றதுக்கு முன்னாடியே பிரியறதும் உண்டு.

என்கிட்ட வந்த ஒரு பொண்ணு கவர்ல மடிச்சு வச்சிருந்த நோட்ஸை நீட்டினா. மூணாவது வரியில "உட்குழி திறக்கப்பட்டது"ன்னு இருந்தது, அதாவது வெட்டு தசை முழுசையும் தாண்டி உள்ளே போயிருக்கு. சுகப்பிரசவத்துக்குப் போட்ட திட்டத்தை அங்கேயே மாத்தி, 37 வாரம் முடிஞ்சதும் சிசேரியன் பண்ணோம். அந்த ஒரு வரி சம்மரியில இல்ல.

கேள்வி: 5 செ.மீ. கட்டி, ஆபத்தா?

பதில்: முதல் பதிலைப் படிங்கம்மா.

கேள்வி: சிசேரியன் ஆகி 7 மாசம், திரும்ப கர்ப்பம்.

பதில்: 6, 7 வாரத்துல ஸ்கேன் எடுத்து, கரு பழைய தழும்புல ஒட்டலைன்னு உறுதிப்படுத்திக்குங்க. அப்புறம் நச்சுக்கொடி கீழே, தழும்பு மேல வருதான்னு பார்க்கணும். அது தசைக்குள்ள வேர்விட்டா பிரசவத்துல ரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்து. ரத்த வங்கி இருக்குற பெரிய ஆஸ்பத்திரியில முன்கூட்டியே பதிஞ்சுக்குங்க. பழைய ஆபரேஷன் நோட்ஸ் உங்களுக்கும் வேணும்.

கேள்வி: தைராய்டு மாத்திரை அளவு சரியா?

பதில்: உங்க மாத்திரையை எழுதின டாக்டர்கிட்ட கேளுங்க.

கேள்வி: 34 வாரம். போன வருஷம் கட்டி எடுத்தாங்க. காலையிலிருந்து வயிறு இறுகி விடுது, நடுவுலயும் வலி நிக்கல. தோள்பட்டையும் வலிக்குது. குழந்தை அசைவு குறைவு. சாயந்திரம் செக்கப்புக்குப் போறேன், அதுவரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்காதீங்க. பழைய தையல் பிரியற அறிகுறியா இருக்கலாம். இப்பவே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. எதுவும் சாப்பிட வேண்டாம், குடிக்க வேண்டாம். கர்ப்பப்பையில ஆபரேஷன் ஆனதுன்னு வாசல்லயே சொல்லுங்க.