செயற்கைக்கோள் வரைபடத்தில் கரையோரக் கடல் சிவப்பாக இருந்தால், அங்கே பாசி பெருகியிருக்கிறது என்று எழுதலாமா?

அதை மட்டும் வைத்து எழுத வேண்டாம். குளோரோபில் (பாசியிலுள்ள பச்சை நிறமி) வரைபடம் ஒன்றைத் தரவிறக்கி ஆய்வறிக்கையில் சேர்க்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் சிவப்பு என்றால் குளோரோபில் அதிகம், நீலம் என்றால் குறைவு. முகத்துவாரத்தை ஒட்டி அடர் சிவப்பு, நடுக்கடலில் நீலம் என்று இருக்கும். அந்த நீலத்தைப் பெரும்பாலும் நம்பலாம். சிவப்பை நம்ப வேண்டுமானால் யாராவது அங்கே போய்த் தண்ணீர் எடுத்திருக்க வேண்டும்.

தண்ணீர் எடுத்து வடிகட்டும் வேலையைத்தான் நான் பல வருடம் பார்த்தேன். ஒரு கூட்டத்தில் இப்படி ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டு, "கரையோரத்தில் பெரும் பாசிப் பெருக்கம்" என்று அறிவித்தார்கள். அதே வாரம், அதே இடத்தில் நாங்கள் தண்ணீர் எடுத்திருந்தோம். பாசி நிறைய இருந்தால் வெள்ளை வடிதாளில் பச்சையோ ஆலிவ் நிறமோ படியும். எங்கள் தாளில் படிந்தது சேற்றுப் பழுப்பு. அசிட்டோனில் ஊறவைத்துக் குளோரோபிலை அளந்தபோது, வரைபடம் சொன்னதில் சிறு பங்குதான் வந்தது. 0.2 மைக்ரான் வடிதாளைத் தாண்டி வந்த தெளிந்த நீரிலும் லேசான மஞ்சள் மிச்சம் இருந்தது. இதையெல்லாம் எழுந்து சொன்னேன். "செயற்கைக்கோள் முழுக் கடலையும் பார்க்கிறது, உங்களிடம் இருப்பது சில பாட்டில்கள்" என்று பதில் வந்தது. அந்தச் சில பாட்டில்களும் அந்தச் சிவப்புக்குள்ளிருந்தே வந்தவை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அறிக்கை மாறவில்லை.

நடந்தது இதுதான். செயற்கைக்கோள் குளோரோபிலைப் பார்ப்பதில்லை. கடலிலிருந்து மேலே வரும் ஒளியில் பச்சையை ஒப்பிடும்போது நீலம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கிறது. குளோரோபில் 443 நானோமீட்டர் பக்கத்தில் நீல ஒளியை நன்றாக விழுங்கும் என்பதால், 1978இல் நிம்பஸ்-7 கொண்டுபோன கருவியிலிருந்து இந்த நீல-பச்சை விகிதம் பயன்பாட்டில் இருக்கிறது. நடுக்கடலில் இது நன்றாகவே வேலை செய்யும். கரையில் நீலத்தை விழுங்க இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆறு கொண்டுவரும் வண்டல் ஒன்று. அழுகிய இலைதழையிலிருந்து கரைந்து வரும் மஞ்சள் கரிமப் பொருள் இன்னொன்று. மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்காது. இந்த வேறுபாட்டை வைத்து மொரெல், ப்ரியூர் என்ற ஆய்வாளர்கள் 1977லேயே கடல்நீரை இரண்டு வகையாகப் பிரித்தார்கள்: நிறத்தைப் பெரும்பாலும் பாசியே தீர்மானிக்கும் நீர் முதல் வகை, வண்டலும் மஞ்சள் பொருளும் தனித்தனியாகக் கலந்து நிறத்தை மாற்றும் நீர் இரண்டாம் வகை. உங்கள் முகத்துவாரம் இரண்டாம் வகை.

அப்புறம் காற்று. நீல அலைநீளத்தில் செயற்கைக்கோளுக்குப் போய்ச் சேரும் ஒளியில் சுமார் 90 சதவீதம் வளிமண்டலத்திலிருந்து வருவது. அதைக் கழிக்கும் பழைய முறை, அண்மை அகச்சிவப்பில் கடல் முழுக்கக் கறுப்பு என்று வைத்துக்கொள்கிறது. கலங்கிய நீர் அங்கே கறுப்பாக இல்லை, வண்டல் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கணக்கு அதைக் காற்றிலுள்ள தூசி என்று எடுத்துக்கொண்டு நீலத்திலும் அளவுக்கு மீறிக் கழித்துவிடும். சில சமயம் நீலம் எதிர்மதிப்புக்கே போய்விடுகிறது. நீலம் குறைந்தால் குளோரோபில் ஏறும், வரைபடம் சிவக்கும்.

செயற்கைக்கோளை மட்டம் தட்டுகிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். குறுஅலை அகச்சிவப்பை வைத்துக் காற்றைக் கழிக்கும் முறைகள் வந்துவிட்டன. 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட நாசாவின் பேஸ் (PACE) செயற்கைக்கோள், புற ஊதாவிலிருந்து அண்மை அகச்சிவப்பு வரை கிட்டத்தட்ட இடைவெளி இல்லாமல் அளக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை உண்டு. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதானே, அதை வைத்துத் தண்ணீரைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்று சிலர் கேட்பார்கள். 1921இல் கப்பலில் போகும்போது சி.வி. ராமன் நிக்கோல் பட்டகத்தால் மேற்பரப்புப் பிரதிபலிப்பைத் தடுத்துப் பார்த்து, நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது என்று காட்டிவிட்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் எந்தச் சூத்திரத்தையும் சரிபார்ப்பது கடலில் எடுத்த அளவுகள்தான். அலையில் ஆடும் படகில் ஒளி அளக்கும் கருவியைச் சூரியனிலிருந்து 135 டிகிரி விலக்கிப் பிடித்து நிற்பவர், இரவு முழுக்க வடிகட்டுபவர், படகோட்டி எல்லோருடைய பெயரும் கட்டுரையில் விட்டுப்போகும். நன்றி சொல்லும் பத்தியில்கூட இருக்காது. எங்கள் அளவுகளை வைத்து வெளிவந்த கட்டுரையை நானே தற்செயலாகத்தான் பார்த்தேன். இன்னும் வருத்தம் உண்டு.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. குளோரோபில் படத்தோடு நிற்காமல் ஒவ்வொரு அலைநீளத்தின் பிரதிபலிப்பையும் தரவிறக்குங்கள். 412 நானோமீட்டரில் எதிர்மதிப்பு இருந்தால் அந்தப் படப்புள்ளியை விட்டுவிடுங்கள். சிவப்பு அலைநீளத்தில் பிரதிபலிப்பு தூக்கலாக இருந்தால் வண்டலைச் சந்தேகப்படுங்கள். 683 நானோமீட்டர் பக்கத்தில் குளோரோபிலின் ஒளிர்வு மேடு தெரிகிறதா என்று பாருங்கள், ஆனால் வண்டல் அதிகமுள்ள நீரில் அதுவும் ஏமாற்றும். ஒவ்வொரு படப்புள்ளியும் எவ்வளவு நம்பகமானது என்று தரவோடு வரும் தரக்குறியீடுகளைக் கட்டாயம் படியுங்கள். எந்தக் கருவி, எந்த மாதம் என்று பின்னூட்டத்தில் எழுதினால், எந்தப் புள்ளிகளை வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.