வாசகர் கேள்வி–பதில்: ஒரு விசா, 29 நாடுகள்

ஐரோப்பியப் பயணம் குறித்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை விசாவில்தான் தொடங்குகின்றன. அவற்றுள் ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த ஆறு கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: பாரிஸில் ஐந்து இரவுகள், ஆம்ஸ்டர்டாமில் இரண்டு, ரோமில் நான்கு என்று திட்டமிட்டிருக்கிறோம். ஆனால் விமானம் முதலில் இறங்குவது ஃபிராங்க்ஃபர்ட்டில். முதலில் இறங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார் நண்பர். உண்மையா? நாட்டுக்கு ஒரு விசா வேண்டுமா?

பதில்: நாட்டுக்கொரு விசா தேவையில்லை. நீங்கள் குறிப்பிட்டுள்ள நாடுகள் அனைத்தும் ஷெங்கன் பகுதிக்குள் அடங்குபவை. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள் 1985 ஜூன் 14 அன்று, லக்சம்பர்க்கில் மோசெல் ஆற்றங்கரையில் உள்ள ஷெங்கன் என்னும் சிற்றூரில், ஆற்றில் நின்றிருந்த ஒரு கப்பலில் அமர்ந்து கையெழுத்திட்ட உடன்பாடு இன்று 29 நாடுகளுக்கு விரிந்திருக்கிறது. தங்களுக்கிடையே உள்ள எல்லைகளில் வழக்கமான சோதனையை நீக்கிவிட்டு, வெளி எல்லையை மட்டும் ஒரே மதில்போலச் சேர்ந்து காப்பது என்பதே அதன் சாரம். குரோவேஷியா 2023இல் முழுமையாகச் சேர்ந்தது. பல்கேரியா, ருமேனியா ஆகியவற்றுடனான தரை எல்லைச் சோதனைகள் 2025 ஜனவரி 1 முதல் நீங்கின. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உள்ளன. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் இருந்தும் ஷெங்கனில் இல்லை. ஒன்றியமும் ஷெங்கனும் ஒன்றே என்று எண்ணிக் குழம்புபவர்கள் பலர்.

இனி உங்கள் நண்பரின் கூற்று. அது பாதி உண்மை. பயணத்தின் முதன்மை நோக்கம் எந்த நாட்டில் நிறைவேறுகிறதோ, அல்லது அதிக நாட்கள் எங்கே தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது பிரான்ஸ். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குவதால் விண்ணப்பம் ஜெர்மனிக்கு மாறிவிடாது. எந்த நாட்டையும் முதன்மையானது என்று சொல்ல முடியாதபடி நாட்கள் சமமாக அமைந்தால்தான் முதலில் நுழையும் நாடு கணக்கில் வருகிறது. நேர்காணல் நாள் எங்கே விரைவில் கிடைக்கிறதோ அங்கே விண்ணப்பித்துவிட்டு, விசா கிடைத்ததும் அந்த நாட்டுப் பக்கமே போகாமல் இருப்பது சிலருடைய வழக்கமாக இருக்கிறது. அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எல்லை அதிகாரி விடுதி முன்பதிவைக் கேட்டு, விசா பெற்ற காரணமும் கையிலுள்ள திட்டமும் பொருந்தவில்லை என்று கண்டால், அந்த விசாவை அங்கேயே செல்லாததாக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

கட்டணம், 2024 ஜூன் 11 முதல், பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 45 யூரோ. 6 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணமில்லை. பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாட்கள் ஆகும் என்றாலும், அதை 45 நாட்கள் வரை நீட்டிக்க விதி இடம் தருகிறது என்பதால் கடைசி நேரம்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

கேள்வி: பாரிஸிலிருந்து ரயிலில் லண்டன் சென்று இரண்டு நாள் கழித்துத் திரும்பிவிட எண்ணுகிறோம். எங்கள் ஷெங்கன் விசா ஒரு மாதத்திற்கு மேல் செல்லும். இடையில் இரண்டு நாள்தானே, பிரச்சினை வராதல்லவா?

பதில்: வரும், அதுவும் இரண்டு இடங்களில். முதலாவதாக, பிரிட்டன் எக்காலத்திலும் ஷெங்கன் பகுதியில் இருந்ததில்லை. அதற்குத் தனி விசா வேண்டும். ஷெங்கன் விசாவைக் காட்டி உள்ளே செல்ல முடியாது. இரண்டாவது சிக்கல் திரும்பும்போது வருகிறது. பலரும் மாட்டிக்கொள்வது அதில்தான்.

கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டிருக்கும் விசாத் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று செய்திகள் தனித்தனியே இருக்கும். 'எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை' என்பது ஒன்று. 'தங்கும் நாட்கள்' என்பது இன்னொன்று. 'எத்தனை நுழைவு' என்பது மூன்றாவது. எடுத்துக்காட்டாக, மே 1 முதல் ஜூன் 9 வரை என்று 40 நாட்கள் குறிக்கப்பட்டிருந்தாலும், தங்கும் நாட்கள் 25 என்றிருந்தால், நீங்கள் உள்ளே இருக்கக்கூடியது 25 நாட்கள் மட்டுமே. எஞ்சிய 15 நாட்கள், பயணத் தேதி முன்பின் நகர்ந்தால் சமாளிப்பதற்காகச் சேர்க்கப்படும் சலுகைக் காலம். நுழைவு என்னுமிடத்தில் '01' என்றிருந்தால் மதிலுக்குள் ஒருமுறைதான் வரலாம். '02' என்றால் இருமுறை. 'மல்ட்' என்றிருந்தால்தான் பலமுறை.

பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் லண்டன் ரயிலில் ஏறுவதற்கு முன்பே பிரெஞ்சு எல்லைக் காவலர் உங்கள் வெளியேற்றத்தைப் பதிவு செய்வார். அதற்குச் சில அடிகள் தள்ளி பிரிட்டன் அதிகாரி அமர்ந்திருப்பார். அந்த வெளியேற்றம் பதிவான கணமே ஒற்றை நுழைவு விசா முடிந்துவிடுகிறது, அதில் இன்னும் எத்தனை நாட்கள் மீதமிருந்தாலும் சரி. திரும்பி வரும்போது லண்டன் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்திலேயே பிரெஞ்சுக் காவலரின் சோதனை நடப்பதால், ரயிலில் ஏறவே விடமாட்டார்கள். பாரிஸ் விடுதி அறையில் பெட்டியை விட்டுவிட்டு வந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். எனவே விண்ணப்பிக்கும்போதே லண்டன் திட்டத்தைத் தெரிவித்து, இரண்டு அல்லது பல நுழைவுகள் கேளுங்கள்.

டப்ளினுக்கும் செல்ல எண்ணுபவர்களுக்கு ஒரு சொல்: அயர்லாந்தின் விதிகள் தனி. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களின் பிரிட்டன் விசாவில் இருநாட்டுக் கூட்டுத் திட்டத்திற்கான குறிப்பு அச்சிடப்பட்டிருந்தால், முதலில் பிரிட்டனில் நுழைந்த பின் அதே விசாவில் அயர்லாந்துக்கும் செல்லலாம். அந்தக் குறிப்பு இல்லாத பிரிட்டன் விசாவுக்கு இது பொருந்தாது.

கேள்வி: மகள் நெதர்லாந்தில் வசிக்கிறாள். இந்தியக் கடவுச்சீட்டில் இரண்டு ஆண்டுக்கான பலமுறை நுழைவு விசா கிடைத்திருக்கிறது. மார்ச் 1 முதல் ஏப்ரல் 30 வரை தங்கிவிட்டு வந்தேன். மறுபடி ஜூலை 1 அன்று போனால் மூன்று மாதம் இருக்கலாமா? விசா இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது.

பதில்: இருக்க முடியாது, அம்மா. இந்தியர்களில் முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டு விசா வழங்கலாம் என்ற ஏற்பாடு 2024 ஏப்ரலில் வந்தது. அது மீண்டும் மீண்டும் விண்ணப்பிக்கும் அலைச்சலைத்தான் மிச்சப்படுத்துகிறதே ஒழிய, தங்கும் நாட்களைக் கூட்டவில்லை. எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாட்களுக்கு மேல் உள்ளே இருக்கக்கூடாது என்பதே விதி.

இந்த 180 நாட்கள் ஜனவரியிலோ முதல் பயணத்திலோ தொடங்கி முடிவதல்ல; ஒவ்வொரு நாளும் நகர்ந்துகொண்டே இருப்பது. நீங்கள் உள்ளே இருக்கும் எந்த நாளிலும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாட்கள் எண்ணி, அவற்றுள் எத்தனை நாட்கள் உள்ளே இருந்தீர்கள் என்று பார்க்க வேண்டும். வந்திறங்கிய நாளும் புறப்பட்ட நாளும் முழு நாளாகவே எண்ணப்படும். நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்பு இறங்கினாலும் ஒரு நாள் போய்விட்டது என்றே பொருள்.

உங்கள் கணக்கில் மார்ச்சில் 31, ஏப்ரலில் 30, ஆக 61 நாட்கள் கழிந்துவிட்டன. மீதம் 29. ஜூலை 1 அன்று நுழைந்தால் ஜூலை 29 அன்று வெளியேறியாக வேண்டும். மார்ச் 1 என்ற நாள் 180 நாள் சாளரத்தை விட்டு விலகுவது ஆகஸ்ட் 28 அன்று. அதன் பிறகுதான் பழைய நாட்கள் ஒவ்வொன்றாக உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். மகளுக்கு நீங்கள் தேவைப்படுவது ஆகஸ்ட், செப்டம்பரில் என்றால், ஜூலைப் பயணத்தைக் கைவிட்டு ஆகஸ்ட் 28க்குப் பிறகு புறப்படுவதே புத்திசாலித்தனம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கணக்கீட்டுக் கருவி இருக்கிறது; பயணச்சீட்டு வாங்குமுன் அதில் தேதிகளை இட்டுப் பாருங்கள்.

முன்பெல்லாம் அதிகாரி கடவுச்சீட்டின் பக்கங்களைப் புரட்டி, மங்கிய முத்திரைகளைப் பார்த்து விரல்விட்டு எண்ணுவார். கண்ணில் படாமல் போன நாட்களும் உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையில் முகப்படத்துடன் ஒவ்வொரு வரவும் போக்கும் கணினியில் ஏறுகின்றன, கூடுதல் நாட்களைக் கணினியே காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே இருக்கும்போது கடும் நோய் போன்ற தவிர்க்க முடியாத காரணம் நேர்ந்தால், விசா முடியுமுன்பே அந்நாட்டுக் குடிவரவு அலுவலகத்தை அணுகி நீட்டிப்புக் கேட்கலாம்.

கேள்வி: நான் இலங்கைக் கடவுச்சீட்டுடன் ஜெர்மனியில் வதிவிட அனுமதி பெற்று வேலை செய்கிறேன். சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் செல்லத் தனி விசா வேண்டுமா? எல்லையே இல்லை என்கிறார்கள், ஆனால் ரயிலில் காவலர்கள் ஏறிச் சோதிக்கிறார்களே?

பதில்: தனி விசா வேண்டியதில்லை. செல்லுபடியாகும் வதிவிட அட்டையும் கடவுச்சீட்டும் கையிலிருந்தால், பிற ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கலாம். ஜெர்மனியில் வசிக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் சேரா. ஆனால் இது சுற்றிப் பார்க்கவும் உறவினரைச் சந்திக்கவும் உரிய அனுமதியே. அங்கே வேலை செய்ய இது போதாது.

எல்லையே இல்லை என்பது சரியான சொல்லாட்சி அல்ல. எல்லை இருக்கிறது, வழக்கமான சோதனைதான் இல்லை. பாதுகாப்புக் காரணம் காட்டி அதைத் தற்காலிகமாக மீண்டும் கொண்டுவர ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் இடமளிக்கிறது. ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் தரை எல்லைகள் அனைத்திலும் அவ்வாறு செய்தது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கிலிருந்து ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகருக்குச் சாதாரண டிராம் வண்டி ஓடுகிறது. ஊருக்குள் ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தத்திற்குப் போவதுபோலத் தோன்றும் அந்தப் பயணமும் நாடு கடக்கும் பயணம்தான். அட்டையை வீட்டில் வைத்துவிட்டுக் கைபேசியில் அதன் படத்தை வைத்திருப்பது போதாது. லண்டன் செல்ல இந்த அட்டை உதவாது. பிரிட்டன் விசா தனியாக எடுக்க வேண்டும்.

கேள்வி: என் அம்மாவும் இலங்கைக் கடவுச்சீட்டில்தான் பயணிக்கிறார். அவர் கனடா செல்லும் வழியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறுகிறார். நிலையத்தை விட்டு வெளியேறப் போவதில்லை. விசா தேவையா?

பதில்: இலங்கை உள்ளிட்ட சில நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, விமானம் மாறுவதற்கு மட்டுமே கூட விமான நிலைய இடைமாற்று விசா தேவை. ஆனால் செல்லுபடியாகும் கனடா விசா இருப்பவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு என்பதால், உங்கள் அம்மாவுக்கு அது வேண்டியிருக்காது. கவனிக்க வேண்டியது பயணச்சீட்டைத்தான். இரு விமானங்களுக்கும் தனித்தனியே சீட்டு வாங்கி, இடையில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால், குடிவரவைக் கடந்து வெளியே வர நேரலாம். அப்போது முழு ஷெங்கன் விசா தேவைப்படும். பாரிஸில் இறங்கி, அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போய், பிறகு கனடா என்று வழி அமைந்தாலும் அப்படியே. பாரிஸ்–ஃபிராங்க்ஃபர்ட் விமானம் உள்நாட்டு விமானம் போன்றது. அதில் ஏற மதிலுக்குள் நுழைந்தாக வேண்டும்.

கேள்வி: குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்கிலிருந்து மோஸ்டார் நகருக்கு ஒருநாள் சுற்றுலாப் பேருந்து இருக்கிறது. ஒற்றை நுழைவு விசாவில் போய் வரலாமா?

பதில்: கூடாது. மோஸ்டார் இருப்பது போஸ்னியாவில். 2023 முதல் குரோவேஷியா ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால், காலையில் போஸ்னிய எல்லையைத் தாண்டினால் மாலையில் திரும்ப இயலாது. பலமுறை நுழைவு விசா உள்ளவர்களுக்குப் போஸ்னியா தன் விசாவைக் கேட்பதில்லை. அவர்கள் தாராளமாகப் போய் வரலாம். ஸ்ப்ளிட் நகரிலிருந்து கடலோரமாக டுப்ரோவ்னிக் வரும் பழைய சாலையும் நேயும் என்னும் இடத்தில் சில கிலோமீட்டர் போஸ்னியாவுக்குள் புகுந்து வெளிவருகிறது. 2022 ஜூலையில் திறக்கப்பட்ட பெல்யெஷாட்ஸ் பாலத்தின் வழியே சென்றால் அந்தத் துண்டைத் தவிர்க்கலாம். பேருந்துச் சீட்டு வாங்கும்போது எந்த வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையில் மலைமேல் அமைந்த அண்டோராவும் இத்தகையதே: விமான நிலையம் இல்லாத அந்த நாட்டுக்கு ஷெங்கன் வழியாகத்தான் போக முடியும், போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகிவிடும். ஒற்றை நுழைவு விசாவுடன் பார்சிலோனாவிலிருந்து அண்டோரா பேருந்தில் ஏறுபவர்கள் இதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.