‘ரெண்டு நாள் மட்டும் வெச்சுக்கோங்க’

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில், இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கிறோம். ஏழு வயது லாப்ரடார் பிரௌனி இருக்கிறான். தெரு நாய்களுக்கு உதவும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடைத்த மூன்று குட்டிகளை (மூன்றுமே பெண், ஐந்து வாரம் இருக்குமாம்) ‘ரெண்டு நாள் மட்டும் வெச்சுக்கோங்க’ என்று கேட்கிறார்கள். கணவர், ‘வந்தா போகாது’ என்கிறார். மாமியாருக்குப் பயம். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் இப்போதே பெயர் யோசிக்கிறாள். அசோசியேஷன் செக்ரட்டரி, ‘வீட்டுக்கு ஒரு நாய்தான்’ என்கிறார். பிரௌனி சேர்த்துக்கொள்வானா? திருப்பிக் கொடுக்கும்போது என்னால் தாங்க முடியுமா? (பெயர் வேண்டாம், மடிப்பாக்கம்)

பதில்:

வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ‘ரெண்டு நாள்’ கணக்கை நம்பி எடுக்காதீர்கள். ஐந்து வாரக் குட்டி தடுப்பூசி போட்டு, குடற்புழு மருந்து கொடுத்து, ஒரு நல்ல வீட்டைப் பார்த்துப் போய்ச் சேர ஒன்றரை மாதமாவது ஆகும், பெண் குட்டி என்றால் இன்னும் இழுக்கும். குழுவில் கேட்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை, அவர்களுக்கு அன்றைக்கு ராத்திரி குட்டிகளை எங்கே விடுவது என்பதுதான் பிரச்சினை, அடுத்த மாதத்தைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு நேரம் இல்லை. யோசிக்க வேண்டியது நீங்கள்தான்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வியைக் குழுவில் கேளுங்கள்: தாய் எங்கே? கார்த்திகை, மார்கழி வந்தால் போதும், தெருவெங்கும் குட்டிகள், பார்க்கிறவர்களுக்கெல்லாம் மனசு இளகிவிடும், அள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். பல சமயம் தாய் சாப்பாடு தேடிப் போயிருக்கும். திரும்பி வந்து மணல் குவியலைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்துக்கொண்டிருக்கும். தாய் உயிரோடு இருந்து, அந்த இடத்தில் வண்டி, ஜேசிபி என்று ஆபத்தும் இல்லையென்றால், குட்டிகளுக்கு எட்டு வாரம் வரைக்கும் அதைவிட நல்ல ஆள் கிடையாது. அப்போது உங்கள் உதவி தாய்க்குச் சாப்பாடு வைப்பது, குட்டிகள் பால் மறந்ததும் அதற்குக் கருத்தடை செய்ய ஏற்பாடு பண்ணுவது. தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டது, அல்லது யாரோ குட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனார்கள் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

இனிமேல் நான் பிரௌனியின் பக்கம் நின்றுதான் பேசப்போகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் எல்லோருடைய அபிப்பிராயமும் இருக்கிறது, அவனிடம் யாரும் கேட்கவில்லை. அவன் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பல நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற நைன் இன் ஒன் ஊசியோ செவன் இன் ஒன்னோ, எது போடுகிறீர்களோ அதன் பூஸ்டரும், ரேபிஸ் ஊசியும் தேதி தாண்டாமல் இருக்கிறதா? தாண்டியிருந்தால் முதலில் அது, பிறகுதான் குட்டிகள்.

பயப்பட வேண்டியது பார்வோ வைரஸுக்கு, நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் தொற்று அது. கட்டட மணலில் கிடந்த, தாய்க்குத் தடுப்பூசியே போடாத குட்டிகள் துள்ளி விளையாடிக்கொண்டே அதைச் சுமந்து வரும், நான்கைந்து நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் 14 நாள் தனி அறை, இதில் பேரம் இல்லை. பாத்ரூம் ஒட்டிய அறை என்றால் நல்லது. அந்த அறைக்கென்று தனிச் செருப்பு, தனித் துடைப்பம், தனிக் கிண்ணம், நீங்கள் உள்ளே போகும்போது மேலே போட்டுக்கொள்ள ஒரு பழைய நைட்டி. முதலில் பிரௌனிக்குச் சாப்பாடு, நடை எல்லாம் முடித்துவிட்டு அப்புறம்தான் குட்டிகளிடம் போக வேண்டும், தலைகீழாகச் செய்யக்கூடாது. நம் வீடுகளில் எதற்கும் பினாயிலை ஊற்றுவதுதான் பழக்கம், பார்வோவுக்கு அதை நம்பக்கூடாது. அழுக்கை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுவிட்டுப் பிறகு அலசுங்கள். அதுவரை குட்டிகள் வேறு மூலையில் இருக்கட்டும், பிளீச்சோடு பினாயிலையோ ஆசிடையோ சேர்த்துவிடாதீர்கள். சுத்தம் செய்யாத இடத்தில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டி சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டால், வாந்தி எடுத்தால், ரத்தமாக, தாங்க முடியாத நாற்றத்தோடு பேதி போனால், ‘காலையில் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சின்ன உடம்பில் இருக்கும் தண்ணீர் ஒரே ராத்திரியில் வற்றிவிடும். உடனே டாக்டர், டிரிப்ஸ்.

தனி அறை கொடுக்க முடியாது, மகள் அங்கேதான் படிக்கிறாள், மாமியார் அங்கேதான் படுக்கிறார் என்றால், மறுத்துவிடுங்கள். பால்கனியில் வைத்துக்கொள்கிறேன் என்று சமாளிக்க வேண்டாம். அதில் ஒரு குற்ற உணர்ச்சியும் வேண்டியதில்லை. வீட்டில் இடமில்லாதவர்கள் போக்குவரத்துக்கு வண்டி ஓட்டலாம், டாக்டரிடம் கூட்டிப் போகலாம், தத்துக்கு நல்ல போட்டோ எடுத்துக் கொடுக்கலாம். அதற்கும் ஆள் கிடைக்காமல்தான் எல்லாக் குழுவும் தவிக்கிறது.

சாப்பாடு பெரிய விஷயமில்லை. பப்பி ஸ்டார்ட்டரை (கடையில் விற்கிற குட்டித் தீனி) வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அல்லது குழைய வடித்த சாதத்தில் மசாலா போடாமல் வேகவைத்த கோழியைப் பிய்த்துப் பிசைந்து, ஒரு நாளைக்கு நான்கு வேளை. பசும்பால் வேண்டாம், பேதியாகும். வயிறு பானை போல உப்பியிருந்தால் அது கொழுகொழுவென்று இருப்பதல்ல, புழு. எடை போட்டுத்தான் மருந்தளவு சொல்வார்கள், போகும்போது மூன்றையும் கூடையில் போட்டு எடுத்துப் போங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டுத் தொடர்ச்சி, மூன்று மாதத்தில் ரேபிஸ். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்கள் பக்கத்திலிருந்து தூரம்தான், காத்திருக்கவும் வேண்டியிருக்கும், ஆனால் தனியார் கிளினிக் பில்லைப் பார்த்த பிறகு அந்தத் தூரம் பெரிதாகத் தெரியாது.

பில் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ‘செலவை நாங்க பாத்துக்கறோம்’ என்று குழுவில் சொன்னால், ‘நாங்க’ என்றால் யார், எந்த டாக்டர், ஒரு ராத்திரி டிரிப்ஸ் ஏற்ற வேண்டி வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கேட்பதற்குக் கூச்சப்பட்டுச் சண்டையில் முடிந்த நட்புகள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

பிரௌனி சேர்த்துக்கொள்வானா? லாப்ரடார் என்றால் எல்லோருக்கும் சாதுவென்று நினைப்பு. ஏழு வயது லாப் ஒரு நடுத்தர வயது மனிதர், இடுப்பு வலிக்க ஆரம்பித்திருக்கலாம், மதியத் தூக்கம் அவருக்கு முக்கியம், குட்டிகளுக்கோ பல் ஊசி மாதிரி இருக்கும், காதைப் பிடித்துத் தொங்கும். 14 நாள் முடிந்து, டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு, கதவில் ஒரு தடுப்பு வைத்து அதன் வழியாக முதலில் மோந்து பார்க்கட்டும். அப்புறம் ஒவ்வொரு குட்டியாக, பத்துப் பதினைந்து நிமிடம், பிரௌனியின் கயிறு உங்கள் கையில் தளர்வாக இருக்கட்டும், இழுத்துப் பிடிக்காதீர்கள். வாலை ஆட்டுகிறான் என்பதை மட்டும் பார்த்து நிம்மதியாகாதீர்கள், உடம்பைப் பாருங்கள். பசியில்லாமல் உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது எல்லாம் ‘போதும், கூட்டிட்டுப் போ’ என்பதுதான். உடம்பு விறைத்து, கண் கொட்டாமல் பார்த்தால் அந்த நிமிடமே பிரித்துவிடுங்கள். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் அவன் கொடுக்கிற எச்சரிக்கை, அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி மட்டும் வரும். அவன் கிண்ணம், எலும்பு, படுக்கை மூன்றும் குட்டிகள் கண்ணிலேயே படக்கூடாது. ஒரு வாரம் போயும் அவன் சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தால் அது அவன் பதில், குட்டிகளுக்கு வேறு வீடு பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மாமியாரின் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் யாரை எந்தக் குட்டி கடித்தாலும், நகம் பட்டு ரத்தம் வந்தாலும், ‘சின்னக் குட்டிதானே’ என்று விடக்கூடாது. ஊசி போடாத, எங்கிருந்து வந்ததென்று தெரியாத குட்டி அது. குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்க வேண்டாம். அடிக்கடி குட்டிகளை எடுத்து வளர்க்கிற உத்தேசம் இருந்தால், கடி படும் முன்பே போட்டுக்கொள்கிற தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சொறி, புழு இரண்டும் மனிதர்களுக்கும் ஒட்டும், அதனால் மகள் குட்டிகளைத் தொட்டால் உடனே கை கழுவ வேண்டும், முத்தம் கூடாது. இதையெல்லாம் நீங்கள் ஒழுங்காகச் செய்வதைப் பார்த்தாலே மாமியாருக்குப் பாதி பயம் போய்விடும், மீதிப் பாதியோடு அவர் கதவைச் சாத்திக்கொள்ளட்டும், அவர் வீடும் அதுதானே.

செக்ரட்டரி விஷயம் சுலபம். செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது, பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் அதை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டாதீர்கள். பிரௌனிக்கு மாநகராட்சி உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள், 2025-லிருந்து மைக்ரோசிப்பும் கேட்கிறார்கள். அது கையில் இருந்தால், ‘தற்காலிகம்தான் சார், படிக்கட்டுல, லிஃப்ட்ல அசிங்கம் பண்ணாது, ராத்திரி சத்தம் வந்தா எனக்குப் போன் பண்ணுங்க’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். முதல் மூன்று ராத்திரி குட்டிகள் கத்தும், மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் முன்னாலேயே சொல்லிவைப்பது நல்லது.

இனி திருப்பிக் கொடுப்பது. நீங்கள் அழுவதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அழுவீர்கள், மகளும் அழுவாள், ஒரு வாரத்தில் சரியாகிவிடும். நான் கவலைப்படுவது வாங்க வருகிறவர்களைப் பற்றி. போட்டோ போட்ட அன்றே போன் வரும். ‘ஆண் குட்டி இருக்கா மேடம்?’ ‘பொட்டையா... குட்டி போட்டுருமே.’ ‘தோட்டத்துக்குக் காவலுக்கு வேணும், சங்கிலில கட்டிடுவோம், பிரச்சினையில்ல.’ ‘ஜோசியர் கருப்பு நாய் வளக்கச் சொன்னார்.’ இந்தக் கடைசி ஆளிடம் ரொம்ப ஜாக்கிரதை, பரிகாரம் முடிந்ததும் நாய் தெருவுக்கு வந்துவிடும். பெண் குட்டி வேண்டாம் என்கிறவர்களிடம் வாதாடி மனதை மாற்றி அனுப்பாதீர்கள், ஆறு மாதத்தில் கருத்தடை செய்துவிட்டால் குட்டியும் இல்லை, வாசலில் ஆண் நாய்க் கூட்டமும் இல்லை என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், புரிந்துகொண்டால் சரி, இல்லையென்றால் அடுத்த போன். அவர்கள் வீட்டைப் போய்ப் பாருங்கள், வாடகை வீடென்றால் வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று கேளுங்கள், ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கே எரிச்சல்படுகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். கருத்தடைத் தேதியும், முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தருவேன் என்பதும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தெரு நாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலும், தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுங்கள்.

மகள் பெயர் வைக்கட்டும், அதைத் தடுக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் குட்டி போகிற வீட்டைப் பார்க்க அவளையும் கூட்டிப் போங்கள். ‘வந்தா போகாது’ என்று சொன்ன உங்கள் கணவர்தான் கடைசியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று ஆரம்பிப்பார், அவர் மேல் ஒரு கண் இருக்கட்டும். வைத்துக்கொள்வது தப்பில்லை, ஆனால் அந்த முடிவைக் குட்டி போகிற அன்று காலையில் எடுக்கக்கூடாது. வைத்துக்கொண்டால் உங்கள் வீட்டில் அடுத்த குட்டிக்கு இடம் கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

குழுவுக்கு இப்படி எழுதுங்கள்: ‘தாய் இல்லை என்று உறுதியானால் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் இல்லை, எட்டு வாரம். எட்டு வாரம் முடியும் தேதிக்குப் பிறகு வேறு வீடு யார் பொறுப்பு என்று பெயர் சொல்லுங்கள். மருத்துவச் செலவு யாருடையது, எந்த டாக்டர் என்பதும் வேண்டும். தத்து கொடுக்கும் வீட்டை நானும் பார்த்த பிறகுதான் குட்டி போகும்.’ பதில் வர ஒரு நாள் ஆகும். அதற்குள் பிரௌனிக்கு ஊசி பாக்கி இருந்தால் போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.