வாசகர் கேள்வி – பதில்: ‘மொஸ்யே வின்சென்ட்’

செப்டம்பர் 27, ஏழைகளுக்காக உழைத்த பிரெஞ்சுக் குரு புனித வின்சென்ட் தே பவுலின் திருநாளன்று எங்கள் பங்குக் கோவிலில் அவரைப் பற்றிய ‘மொஸ்யே வின்சென்ட்’ என்ற பழைய பிரெஞ்சுப் படத்தைத் திரையிட நினைக்கிறோம். பக்திப் படம்தானா?
– வாசகர், நெல்லித்தோப்பு

புனிதர் செய்யும் அற்புதங்களை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். மோரிஸ் குளோஷ் இயக்கி 1947-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம் இது, ஓடும் நேரம் சுமார் 111 நிமிடம். வின்சென்ட்டாக நடித்த பியர் ஃபிரெனேக்கு அந்த ஆண்டே வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அயல்மொழிப் படத்துக்குத் தனிப் போட்டிப் பிரிவு இல்லாத காலத்தில், 1949-ல் ஆஸ்கர் சிறப்பு விருதும் வாங்கியது. ஒளிப்பதிவு கிளோத் ரெனுவார். பிறகு வங்காளத்தில் எடுத்த ‘தி ரிவர்’ படத்துக்கும் கேமரா அவர்தான்.

கதை 1617-ல் பிரான்சின் ஷாத்தியோன் என்ற ஊரில் தொடங்குகிறது. கொள்ளைநோய்ப் பயத்தில் ஊரே கதவைச் சாத்திக் கிடக்க, புதிதாக வந்த குருவின் மேல் கல் விழுகிறது. ஆனால் படத்தின் உயிர், அநாதைக் குழந்தையை அவர் சீமாட்டிகளின் கூட்டத்துக்குத் தூக்கி வரும் காட்சியில் இருக்கிறது. ஏழைக்குச் சூப் ஊற்றத் தயங்காத கைகள், தகப்பன் பெயர் தெரியாத பிள்ளையை வாங்க நீள மறுக்கின்றன. தருமம் செய்கிறவர்களைத்தான் இந்தப் படம் கேள்வி கேட்கிறது. அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் குழுவில்) பேச இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

படத்தில் ஒரு கைதிக்குப் பதிலாக வின்சென்ட்டே கப்பலில் உட்கார்ந்து துடுப்பு வலிக்கிறாரே, அது நடந்ததா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

அது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதன் பின்னணி மட்டும் உண்மை. அரசக் கப்பல்படைத் தளபதி கோந்தியின் வீட்டுக் குருவாக இருந்தவர் வின்சென்ட். 1619-ல் பதின்மூன்றாம் லூயி அவரைத் துடுப்புக் கப்பல்களின் தலைமை ஆன்ம குருவாக நியமித்தார். சங்கிலியில் கிடந்த கைதிகளுக்காக அவர் உழைத்ததில் சந்தேகமே இல்லை. முன்னுரை சொல்பவர் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் ஊர் வின்சென்ட் தே பவுல் சபையை அவரேதான் தொடங்கினாரா?
– வாசகர், அரியாங்குப்பம்

இல்லை. அவர் இறந்தது 1660-ல். பங்குகளில் வீடு சந்திப்பு நடத்தும் சபையை ஃபிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் 1833-ல் பாரிஸில் தொடங்கினார்கள். வின்சென்ட் நிறுவியது 1625-ல் குருக்களுக்கான மிஷன் சபை. 1633-ல் லூயிஸ் தே மரியாக்குடன் சேர்ந்து பிறரன்புப் புதல்வியர் சபை.

தமிழ் சப்டைட்டில் நாங்களே எழுதினோம். முதல் காட்சியில் சரியாக வருகிறது, போகப் போக வசனத்துக்குப் பின்தங்குகிறது. ஒரு கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. ஏன்?
– வாசகர், முத்தியால்பேட்டை

இரண்டும் வேறு வேறு கோளாறு. சினிமா நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). ஐரோப்பிய டிவிடியில் அது 25 ஆக ஓடும், அதனால் படம் சுமார் 106½ நிமிடத்தில் முடிந்துவிடும். 24-க்கு நேரம் குறித்த எழுத்து, 25-ல் ஓடும் படத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2½ நொடி பின்தங்கும். முடிவில் நாலு நிமிடத்தைத் தாண்டிவிடும். படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ஜி, எச் விசைகளை அழுத்தினால் சப்டைட்டில் மொத்தமாக முன்பின் நகருமே தவிர இந்த இழுவை சரியாகாது. ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் சட்டக வேகத்தை 24-லிருந்து 25-க்கு மாற்றுங்கள். எல்லா நேரக் குறியும் 0.96-ஆல் பெருக்கப்பட்டுவிடும். முதல் வசனம், நடு வசனம், கடைசி வசனம் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

ஆங்கில எழுத்தாகத் தெரிவது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டியதால். யூனிகோடுக்கு மாற்றி, கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். யுடிஎஃப்-8 என்ற அந்தக் குறிமுறையைத் தேர்ந்தெடுக்காமல் சேமித்தால் தமிழ் கேள்விக்குறிகளாக வரும். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வசனத்தை முழுதாகப் பெயர்த்தால் பின்வரிசையில் இருக்கும் பெரியவர்களால் படித்து முடிக்க முடியாது.

திரையிடும்போது வேறு என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, வில்லியனூர்

படத்தின் வடிவம் ஏறக்குறைய 4:3. புரொஜெக்டரை அகலத்திரை நிரப்புமாறு விட்டால் முகங்கள் பருத்துத் தெரியும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். இருட்டுக் காட்சிகள் அதிகம், எனவே பொழுது சாய்ந்தபின் தொடங்குங்கள். செப்டம்பர் கடைசியில் சாயங்கால மழை வரக்கூடும் என்பதால் கோவில் மைதானத்தைவிட மண்டபமே மேல். எச்டிஎம்ஐ வயர் செருகியதும் ஒலி புரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கருக்குப் போய்விடும். கணினியின் ஒலி அமைப்பில் ஆம்ப்ளிஃபயர் இணைத்திருக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

அனுமதியும் தேவை. வீட்டில் பார்க்க வாங்கிய டிவிடி பொதுத் திரையிடலுக்குப் போதாது. வசனம் எழுதிய ழான் அனுயி 1987-ல்தான் இறந்தார். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை எழுத்துக்கு உரிமை உண்டு. பழைய படம்தானே என்று விட்டுவிடாமல், உரிமையாளருக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

கடைசிக் காட்சியில் வின்சென்ட் இளம் கன்னியர் சகோதரியிடம், உன் அன்புக்காகத்தான் நீ தரும் ரொட்டியை ஏழைகள் மன்னிப்பார்கள் என்கிறார். இதைப் புனிதரின் பொன்மொழியாக அழைப்பிதழில் போடலாமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

போட வேண்டாம். பல இடங்களில் அவர் பெயரிலேயே அச்சாகிறது என்றாலும் அது படத்துக்காக எழுதிய வசனம். ‘படத்திலிருந்து’ என்று கீழே குறித்துப் போடுங்கள்.