வாசகர் கேள்வி - பதில்: ஜீப்பில் எடுத்துச் செல்ல எந்தச் செயின்சா?

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர்): விடுமுறை நாட்களில் நண்பர்கள் சேர்ந்து ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் சென்று கூடாரம் அடித்துத் தங்குவது எங்கள் வழக்கம். மழைக்காலத்தில் வண்டித்தடத்தில் விழுந்து கிடக்கும் மரத்தை அறுத்து ஒதுக்கவும், இரவில் நெருப்பு மூட்ட விறகு அறுக்கவும் ஒரு செயின்சா வாங்க எண்ணுகிறோம். இணையத்தில் 58 சி.சி. எஞ்சினும் 22 அங்குல பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) கொண்ட இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது. பெயர் பெற்ற நிறுவனங்களின் 30 சி.சி. இயந்திரம் அதைவிட விலை கூடுதலாக இருக்கிறது. எதை வாங்கலாம் ஐயா?

பதில்: சிறியதையே வாங்குங்கள். ஆனால் அதற்கு முன், எங்கே கொண்டு போகப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரத்துக்காரர்கள் ஜீப்பை எடுத்தால் காரையாறு, மாஞ்சோலை என்று மேற்கேதான் மனம் போகும். அவை 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த பகுதிகள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே அனுமதியின்றி மரம் அறுப்பதும், நெருப்பு மூட்டுவதும், காய்ந்து விழுந்த சுள்ளியை எடுத்து வருவதும்கூடக் குற்றம். பாபநாசம், மணிமுத்தாறு சோதனைச்சாவடிகளில் வண்டிக்குள் செயின்சா இருந்தால் விளக்கம் சொல்லி மீள முடியாது. எனவே உங்கள் இயந்திரத்துக்கு வேலை சொந்தத் தோட்டத்திலும், உரிமையாளரின் சம்மதம் பெற்ற விளைகளிலும், பொத்தை (சிறு குன்று) அடிவார மேட்டு நிலங்களிலும்தான். குளத்துக்கரை மரங்களுக்கும் கேட்பாரில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அவை அரசின் கணக்கில் இருப்பவை.

இந்த இடங்களில் தடத்தின் குறுக்கே விழுவது பெரும்பாலும் உடைமரமும், சீமைக் கருவேலமும், வேப்பங்கிளையும்தான். தொடைப் பருமனைத் தாண்டுவது அரிது. 30 முதல் 38 சி.சி. வரையிலான எஞ்சினும் 14 அல்லது 16 அங்குல பாரும் இதற்குத் தாராளமாகப் போதும். இருபுறமிருந்தும் அறுத்தால் பாரின் நீளத்தைவிடப் பருத்த தடியையும் துண்டிக்கலாம். அதற்கும் மேற்பட்ட மரம் கிடந்தால் கிளைகளைக் கழித்துவிட்டு, ஒரே இடத்தில் அறுத்து, இழுவைப் பட்டையைக் கட்டி ஜீப்பாலேயே ஓரம் ஒதுக்கிவிடலாம். வழி வேண்டுமே தவிர, மரம் முழுவதையும் பலகையாக்க வேண்டியதில்லை அல்லவா?

22 அங்குல பாரில் எடையைவிட மோசமானது அதன் நுனி. பாரின் நுனியில் மேற்பாதி மரத்தில் பட்டுவிட்டால், இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுப்பவரின் முகத்தை நோக்கி எழும்பும். நீண்ட பாரின் நுனி கிளைச் சிக்கலுக்குள் எங்கே இருக்கிறது என்பதே பழக்கமில்லாதவருக்குத் தெரியாது. இடதுகைக்கு முன்னால் இருக்கும் தடுப்பு, அந்த நேரத்தில் செயினை நிறுத்துவதற்கான பிரேக். கடையிலேயே இயந்திரத்தை ஓடவிட்டு, இரு கைகளாலும் இறுகப் பிடித்தபடி, இடது மணிக்கட்டால் அந்தத் தடுப்பை முன்னே தள்ளிப் பாருங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். பிறகு பிரேக்கை விடுவித்து, நுனியை ஒரு பழைய அட்டைக்கு நேரே சற்றுத் தள்ளிப் பிடித்து முடுக்குங்கள். அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்தால் செயினுக்கு எண்ணெய் போகிறது என்று பொருள். இவ்விரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் அந்த இயந்திரம் வேண்டாம்.

விலையைப் பொறுத்தவரை, நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பாருக்கான மாற்றுச் செயினும் கார்புரேட்டர் சாமான்களும் திருநெல்வேலியிலோ தென்காசியிலோ எந்தக் கடையில் கிடைக்கும்? விற்பவர் அதை எடுத்து மேசைமேல் வைத்தால் பணத்தைக் கொடுங்கள். இல்லையென்றால் மலிவு என்பது முதல் பழுது வரைதான்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண டூ-டி ஆயிலுக்கு 25-க்கு 1 என்று போட்டிருந்தால் 40 மில்லி. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாட்பட நின்றால் கார்புரேட்டரின் ரப்பர் உறுப்புகளைக் கெடுக்கும். ஆகவே அந்தந்தப் பயணத்துக்கு மட்டும் கலந்து, திரும்பியதும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானே அணையும் வரை ஓடவிட்டு வையுங்கள். எத்தனை சதவீத எத்தனால் வரை ஏற்கும் என்பதையும் வாங்கும்போதே கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் கேனை ஆட்கள் உட்காரும் பக்கம் வைக்கவே கூடாது.

இரு முனையும் மேட்டில் தாங்கி நடுவே தொங்கும் தடியை மேலிருந்து ஒரேயடியாக அறுத்தால் பார் நெரிபட்டுச் சிக்கிக்கொள்ளும். முதலில் மேற்புறம் மூன்றில் ஒரு பங்கு, பின்னர் கீழிருந்து மேலாக மீதி. ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் இதற்கு நேர்மாறு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரம் அறுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் குலை நடுங்கும். கெட்டியான முழுக்கால்சட்டை, பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பான் இவை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி (திசையன்விளை வாசகர்): செம்மணல் மேடான தேரிப் பக்கம் ஜீப்பில் செல்லும் எங்களுக்குப் பேட்டரி செயின்சா உதவுமா?

பதில்: உங்களுக்கு அதுவே பொருத்தம் என்பேன். தேரி மணலில் வண்டி புதைந்து, குறுக்கே நிற்கும் நாலைந்து முள்கிளைகளைக் கழிக்க வேண்டிய இடத்தில் 36 வோல்ட் பேட்டரியும் 12 அங்குல பாரும் கொண்ட இயந்திரம் போதுமானது. பெட்ரோல் வாடை இல்லை. மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் விசையை அழுத்தியதும் ஓடும். 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் உள்ள மின்சாரம் 144 வாட்-மணி மட்டுமே. சார்ஜரின் வாட் அளவுக்கு ஏற்ற இன்வெர்ட்டர் இருந்தால், ஜீப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் நாள் முழுதும் விறகு அறுக்க அது ஆகாது. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் பேட்டரியை விட்டுச் செல்வதும் கூடாது.

உங்கள் ஊரில் செயினுக்கு எமன் மணல்தான். தரையில் கிடக்கும் கிளையைக் கல் வைத்து உயர்த்திய பிறகே அறுங்கள். சுழலும் நுனி ஒருமுறை மணலைத் தொட்டாலே பல் மழுங்கிவிடும். பனை விழுந்து கிடந்தாலும் அதில் கை வைக்காதீர்கள்; அதன் நார் செயினைக் கெடுக்கும். நிற்கும் பனையை வெட்டவோ மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். குதிரைமொழித் தேரியில் காப்புக்காடும் இருப்பதால், நான் முதல் பதிலில் சொன்ன எச்சரிக்கை உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி (கடையம் வாசகர்): புதுச் செயின் மாட்டியும் சீவல் வராமல் மாவு மாவாகத் தூள் வருகிறது. ஏன்?

பதில்: முதலில் செயினைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்; பாரின் மேற்பக்கத்தில் பல்லின் வெட்டும் முனை நுனியை நோக்கி இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் பல் மழுங்கியிருக்கிறது. சிறிய இயந்திரங்களில் வரும் தணிந்த வகை (லோ-புரொஃபைல்) 3/8 அங்குலச் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் வாங்கி, 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளித் தீட்டுங்கள். எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் ஓட வேண்டும். இல்லையென்றால் அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து போகும்.