எட்டு மெஷினும் பத்துச் சனிக்கிழமையும்

கேள்வி: வணக்கங்க. எனக்கு 37 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் 11 வருடமாக இருக்கிறேன். இப்போது புரொடக்‌ஷன் மேனேஜர். கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய், அடிப்படைச் சம்பளம் 30,000. மனைவி தனியார் பள்ளி டீச்சர், 16,000 வாங்குகிறார். இரண்டு குழந்தைகள். வீட்டுக் கடன் தவணை 14,500 உட்பட மாதச் செலவு 42,000. எஃப்டி 7 லட்சம் இருக்கிறது. ஐப்பசியில் முடிகிற சீட்டு 2.5 லட்சம். பிஎஃப் சுமார் 6 லட்சம். ஊத்துக்குளி பக்கம் அப்பா பெயரில் மூன்று ஏக்கர் தோட்டம்.

12 மெஷின் போட்டு, கம்பெனி தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். பழைய மெஷின், ஷெட் அட்வான்ஸ், ஒயரிங் எல்லாம் 7 லட்சத்தில் முடிந்துவிடும். 16 ஆளுக்கு வாரக்கூலி 60,000. வாடகை, கரண்ட், நூல், ஊசி, வண்டிக்கு வாரம் 10,000. வாரம் 85,000-க்கு பில் போடலாம். "நீங்க வெளிய போய் ஆரம்பிங்க, வேலை நான் தர்றேன்" என்று எங்கள் முதலாளியே சொல்கிறார். அடுத்த மாதம் ரிசைன் பண்ணலாமா? பணம் பத்தாவிட்டால் பிஎஃப் எடுப்பதா, தோட்டத்தை அடமானம் வைப்பதா?
- வாசகர், பெருமாநல்லூர்

பதில்: வேலையை விடுங்கள். ஆனால் அடுத்த மாதம் வேண்டாம், தையில் விடுங்கள். 12 மெஷினும் வேண்டாம், எட்டு போதும்.

உங்கள் கணக்கில் மெஷின் இருக்கிறது, கூலி இருக்கிறது, பில் இருக்கிறது. பில் போட்ட நாளுக்கும் பணம் வந்து சேரும் நாளுக்கும் நடுவில் எத்தனை சனிக்கிழமை என்பது மட்டும் இல்லை. நம் ஊரில் கூலி வாரக்கூலி. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு டைலர்கள் கை கழுவிவிட்டு வந்து நிற்பார்கள். கம்பெனி செக் அடுத்த மாசம் வரும் என்ற கதையெல்லாம் அவர்களிடம் எடுபடாது, எடுபடவும் கூடாது. அன்று ராத்திரி வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டியவர்கள் அவர்கள்.

இதை நான் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன். அப்பா பல்லடத்தில் நாலு தறி வைத்திருந்தார். துணி கொடுத்த இடத்தில் பணம் இழுத்துக்கொண்டே போகும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து, கையில் சோப்புத் தண்ணீர் விட்டு வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தார். இறுக்கமான வளையல், எலும்பு தாண்டி வரவே இல்லை. அப்பா வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. தறி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, நஷ்டமும் இல்லை. அந்த வாரம் கையில் பணம் இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் யார் யூனிட் ஆரம்பிக்கிறேன் என்று வந்தாலும் லாபத்தைக் கேட்பதற்கு முன்னால் சனிக்கிழமையைக் கேட்கிறேன்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் மெஷின் செட் ஆகி, டைலர் கை படிந்து, சாம்பிள் ஓகே ஆவதற்குள் போய்விடும். மூன்றாவது வாரக் கடைசியில் முதல் பில். கம்பெனி 45 நாள் என்று சொல்லி, சொன்னபடியே கொடுத்தாலும் பணம் வரும்போது பத்தாவது சனிக்கிழமை. வாரம் 70,000 வீதம் 7 லட்சம் உங்கள் கையிலிருந்து போயிருக்கும். மெஷினுக்கு ஒரு 7 லட்சம். வீட்டில் மனைவி சம்பளம் போக மாதம் 26,000 துண்டு விழுகிறது, அதற்கு ஆறு மாதத்துக்கு 1.56 லட்சம். ஆக 15.56 லட்சம் வேண்டும்.

கையில் என்ன இருக்கிறது? எஃப்டி 7, சீட்டு 2.5. நீங்கள் எழுதாத ஒன்றும் இருக்கிறது: கிராஜுவிட்டி. ஐந்து வருடம் தாண்டியவருக்கு அது சட்டப்படி வர வேண்டிய பணம். அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, சர்வீஸ் வருடத்தால் பெருக்குங்கள். உங்களுக்கு 1.90 லட்சம் வருகிறது. விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். மொத்தம் 11.40 லட்சம். 12 மெஷினுக்கு நாலு லட்சத்துக்கு மேல் குறைகிறது. பிஎஃப் பக்கமும் தோட்டத்துப் பக்கமும் உங்கள் கண் போவது இந்த நாலு லட்சத்துக்காகத்தான்.

எட்டு மெஷினாகப் பாருங்கள். மெஷினும் ஷெட்டும் 5 லட்சத்துக்குள் அடங்கும். கூலி 40,000, இதர செலவு 8,000, வாரம் 48,000. பத்துச் சனிக்கிழமைக்கு 4.8 லட்சம். வீட்டுக்கு 1.56. கூட்டினால் 11.36 லட்சம். கையில் இருப்பதற்குள் வந்துவிட்டது. ஆனால் விரல் நுழைய இடமில்லாத கணக்கு இது. கம்பெனி 45 நாளை 60 ஆக்கினால் இன்னும் இரண்டு சனிக்கிழமை, சுமார் ஒரு லட்சம் வேண்டியிருக்கும். அதனால்தான் தை வரை பொறுக்கச் சொல்கிறேன். இடையில் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிறதும் தீபாவளி போனஸும் அந்த ஒரு லட்சத்துக்கு. சீட்டுப் பணமும் ஐப்பசியில்தானே வருகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போன டைலர்கள் திரும்புவார்களா என்ற தலைவலியும் தையில் ஆரம்பிப்பவருக்கு இல்லை.

வருமானத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வருடத்தில் எட்டு வாரமாவது வேலை இல்லாமல் போகும் என்று வையுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் எப்படி நின்றது என்பதை நீங்கள் கம்பெனிக்குள் இருந்தே பார்த்திருப்பீர்கள். அந்த வாரங்களில் கூலி இல்லாவிட்டாலும் வாடகையும் கரண்ட்டும் நிற்காது. எட்டு மெஷினில் வாரம் 57,000 பில் என்றால், 44 வாரத்தில் மிஞ்சுவதிலிருந்து இந்தச் செலவைக் கழித்து மாதத்துக்கு 27,000 சில்லறை வரும். வீட்டுக்கு வேண்டிய 26,000 அதற்குள் வந்துவிடும். பீஸ் குறைந்தது, கறை பட்டது என்று கம்பெனி பில்லில் பிடித்துக்கொள்ளும் டெபிட் இதில் சேரவில்லை. 12 மெஷினே போட்டாலும் இதே கணக்கில் 48,000-தான், இப்போது வாங்கும் 58,000 வராது. முதல் வருடம் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் சம்பாதிப்பீர்கள். இதை உங்கள் மனைவியிடம் இப்போதே, எண்ணோடு, உட்கார வைத்துச் சொல்லுங்கள். அந்த 1.56 லட்சத்தை அவர் கணக்கில் போட்டுவிடுங்கள். எந்தச் சனிக்கிழமை வந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது.

ஜிஎஸ்டியை மறந்திருக்கிறீர்கள். ஜாப் ஒர்க் என்பது சேவைக் கணக்கு, வருடம் 20 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். எட்டு மெஷினிலேயே 25 லட்சம் வருகிறது. துணி ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம். வலி எங்கே என்றால், பணம் வந்ததா என்று பார்த்து வரி கேட்க மாட்டார்கள். பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் கட்டியாக வேண்டும். கம்பெனி உங்களுக்கு 45 நாள் கழித்துக் கொடுக்கப் போகும் வரியை நீங்கள் முன்கூட்டியே கட்டுகிறீர்கள். மாதம் 12,000 என்று தனியாக வையுங்கள். பத்துப் பேர் ஆகிவிட்டால் இஎஸ்ஐ-யும் வரும், முதலாளி பங்கு 3.25 சதவீதம்.

அப்புறம் உங்கள் முதலாளி கொடுத்த வாக்கு. அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பில் பாஸ் பண்ணுவது அக்கவுண்ட்ஸ் ஆள், அவருக்கு நீங்கள் விலகிய நாளிலிருந்து வெளி ஆள். பீஸ் ரேட் என்ன, நூல் யாருடையது, எத்தனை நாளில் பணம், எத்தனை சதவீதம் வரை டெபிட், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி கையெழுத்து வாங்குங்கள். 11 வருடப் பழக்கத்தில் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். இருக்கட்டும், கேளுங்கள். அந்தக் கம்பெனி வேலை பாதிக்கு மேல் போகாமல் இன்னொரு இடமும் பிடித்துக்கொள்ளுங்கள்.

யூனிட் பெயரில், குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை முதலிலேயே செய்துவிடுங்கள், இலவசம்தான். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைத் தாண்டிப் பணம் நிறுத்தக் கூடாது என்று 2006-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. நிஜத்தில் யாரும் ஆர்டர் தருபவர் மேல் வட்டி கேட்டுப் புகார் கொடுப்பதில்லை, எனக்கும் தெரியும். ஆனால் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வருடம் வரை அந்தக் கம்பெனி செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் அவர்கள் ஆடிட்டருக்கே இது உறுத்தும். பிப்ரவரிக் கடைசியில் உங்கள் உத்யம் சான்றை பாக்கிப் பட்டியலோடு சேர்த்து அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பிவையுங்கள், சண்டை இல்லாமல் காரியம் நடக்கும்.

மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. படிப்பு, வயது நிபந்தனை உங்களுக்குப் பொருந்துகிறதா என்று அங்கேயே சொல்வார்கள். இந்த மாதிரித் திட்டங்கள் புது யூனிட்டுக்குத்தான். மெஷினை இறக்கி ஓட்ட ஆரம்பித்துவிட்டுப் போய் நின்றால் பிரயோஜனம் இல்லை. மானியம் கடன் கணக்கில்தான் வரவு ஆகும் என்பதால் அதைச் சனிக்கிழமைக் கூலியோடு சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

பிஎஃப்பைத் தொட வேண்டாம். வேலையை விட்டாலும் அங்கேயே வட்டி சேரும், இனி உங்களுக்கு வேறு யாரும் ஓய்வுப் பணம் சேர்க்கப் போவதில்லை. தோட்டமும் வேண்டாம். அப்பா பெயரில் இருப்பது அப்பாவின் சோறு. எட்டு மெஷின் ஒரு வருடம் ஓடி, பேங்க் ஸ்டேட்மென்டும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் கையில் இருந்தால் அடுத்த நாலு மெஷினுக்கு வங்கியில் கேட்கலாம்.

வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனி மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி நீங்கள் விலகினால் போய்விடும். புதுப் பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். டேர்ம் இன்சூரன்ஸ் இல்லையென்றால் அதையும் சம்பளச் சீட்டு இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், யூனிட் நடத்தும் நண்பர் யாராவது இருந்தால் ஐந்தரை மணிக்குப் போய் அவர் டேபிள் பக்கத்தில் உட்காருங்கள். கவர் கொடுத்து முடியும்வரை இருங்கள். எல்லோரும் போன பிறகு, இந்த வாரப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவரைக் கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள், உங்கள் பத்துச் சனிக்கிழமையை அதை வைத்து இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்.